சரணாலயம் பாலூட்டிகளைக் காப்பாற்றுகிறதா? நீங்களே மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

எந்தச் சரணாலயத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு பலகை நிற்கும். யானை, புலி, சிறுத்தை, காட்டெருது, கடமான், செந்நாய் என்று படங்களோடு ஒரு வரிசை. அந்த வரிசையில் உள்ள ஒவ்வொன்றையும் கடைசியாக யார், எந்த ஆண்டு, எந்த இடத்தில் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் சரிஸ்கா சாட்சி. 2004-இல் அங்கே அரசுக் கணக்கில் புலிகள் இருந்தன. 2005-இன் தொடக்கத்தில் தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டை மொத்தத்தையும் முடித்திருந்தது. மரங்கள் இருந்தன, சோதனைச் சாவடி இருந்தது, சுற்றுலா வண்டிகள் ஓடின. 2009-இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னாவிலும் இதே நிலை. இரண்டு இடங்களுக்கும் வேறு காடுகளிலிருந்து புலிகளைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது.

காட்டின் பசுமையைச் செயற்கைக்கோள் படம் காட்டிவிடும். காட்டுக்குள் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை அது காட்டாது. அதை அறியும் வேலையை முதலிலிருந்து கடைசி வரை இங்கே எழுதுகிறேன். உயிரியல் மாணவர்கள், இயற்கை மன்றங்கள், செய்தியாளர்கள், காட்டோரத்து ஊர்க்காரர்கள் எல்லோரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். களத்தில் இறங்காதவர்களுக்கும், வெளியாகும் கணக்குகளைச் சரியாகப் படிக்க இது உதவும்.

படி 1: எதை அளக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

"உயிரினப் பன்மயம் நன்றாக இருக்கிறதா?" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதை மூன்றாகப் பிரியுங்கள். முன்பு இருந்த இனங்களில் எவை இன்னும் இருக்கின்றன? ஒவ்வோர் இனமும் காப்பகத்தின் எவ்வளவு பரப்பில் இருக்கிறது? எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா? மூன்றும் வேறு வேறு. இனப் பட்டியல் மாறாமல் இருக்கும்போதே ஒரு விலங்கு காட்டின் பாதியிலிருந்து மறைந்துபோகலாம். பட்டியலில் ஓர் இனம் இல்லாமல் போவது கடைசிக் கட்டம். பரப்பு சுருங்குவதுதான் முதலில் தெரியும் அறிகுறி. ஒன்றை மட்டும் அளக்க வசதி இருந்தால் பரப்பை அளக்கச் சொல்வேன்.

புலியை மட்டும் வைத்துக் காட்டை எடைபோடாதீர்கள். தமிழ்நாட்டில் 2006-இல் 76 என்று மதிப்பிடப்பட்ட புலிகள் 2022-இல் 306 ஆயின. மனம் நிறையும் செய்திதான், இதற்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. ஆனால் களக்காடு முண்டந்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. மழைக்காட்டில் மான் கூட்டம் குறைவு என்பதால் புலியும் அங்கே குறைவு. அதே மழைக்காட்டில்தான் சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கும் கருமந்தியும் பழுப்பு மரநாயும் வாழ்கின்றன. களக்காட்டுப் பகுதியை 1976-இல் சரணாலயம் ஆக்கியதே சோலைமந்திக்காகத்தான். புலி எண்ணிக்கையை மட்டும் பார்த்து அந்தக் காட்டுக்கு மதிப்பெண் போட்டால், மந்திகளின் நிலை பற்றி ஒன்றுமே தெரியாமல் போய்விடும்.

படி 2: பழைய கணக்கைத் தோண்டி எடுங்கள்

ஒரு காட்டை அதன் பழைய நிலையோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிட முடியும். இருபது வயதில் நாம் முதலில் பார்த்த காட்டையே இயல்பான காடு என்று நினைத்துக்கொள்கிறோம். நம் தாத்தா பார்த்த காடு வேறு.

பழைய பதிவுகள் நினைப்பதைவிட அதிகம் கிடைக்கும். நீலகிரியில் வேட்டைக்காரர்களே சேர்ந்து 1877-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று அது வனவுயிர்ச் சங்கமாக இருக்கிறது. வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் தனிச் சட்டமே 1879-இல் வந்தது. வரையாடு பற்றிய பழைய குறிப்புகள் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1910-களிலும் 20-களிலும் நாடு முழுக்கப் பாலூட்டிகளைச் சேகரித்தது. அந்தத் தோல்களும் மண்டையோடுகளும் இடம், தேதி எழுதிய சீட்டுகளோடு இன்றும் இருக்கின்றன. மாவட்ட கெசட்டியர்கள், வனத்துறையின் பழைய செயல்திட்டங்கள், எஸ்டேட் நாட்குறிப்புகள் ஆகியவற்றையும் தேடுங்கள்.

பிறகு ஊரிலும் பாடியிலும் (பழங்குடிக் குடியிருப்பிலும்) உள்ள பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: பெயர்கள் ஏமாற்றும். நம் ஊர்களில் "காட்டெருமை" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் காட்டெருதுதான். உண்மையான காட்டெருமை தமிழ்நாட்டில் இல்லை. "மரநாய்" என்ற சொல் ஓரிடத்தில் ஒரு விலங்கையும் இன்னோரிடத்தில் வேறொன்றையும் குறிக்கும். படத்தைக் காட்டிக் கேட்காதீர்கள். படத்தைக் காட்டினால் விருந்தாளியை ஏமாற்றக் கூடாதே என்று தலையாட்டிவிடுவார்கள். என்ன நிறம், வால் எப்படி, மரம் ஏறுமா, எப்போது வரும் என்று முதலில் அவர்களைச் சொல்லவிடுங்கள்.

ஒவ்வோர் இனத்துக்கும் கடைசியாக உறுதியான பதிவு எந்த ஆண்டு என்று ஓர் அட்டவணை போடுங்கள். மலபார் புனுகுப்பூனைக்கு அப்படிப் போட்டால் 1980-களோடு நின்றுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க இத்தனை தானியங்கிக் கேமராக்கள் வந்த பிறகும் அது ஒன்றில்கூடப் பதிவாகவில்லை. அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கும்.

படி 3: அனுமதியும் ஆட்களும்

சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய, 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வனவுயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மாதங்கள் ஆகலாம். இது இல்லாமல் கேமரா கட்டுவது குற்றம்.

அதைவிட முக்கியம், யாரோடு நடக்கிறீர்கள் என்பது. ஆனைமலையில் காடர், மலசர், களக்காடு மலையில் காணிக்காரர், முதுமலைப் பக்கம் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர். வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் இவர்கள்தான். நான் முதன்முதலில் நடந்த நாளில், ஓடைக்கரைப் பாறையில் கிடந்த எச்சத்தை மண் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். பின்னால் வந்த காவலர் குந்தி உட்கார்ந்தார். குச்சியால் அதைப் பிரித்து, உள்ளே முழுதாக இருந்த விதைகளைத் தள்ளிக் காட்டினார். "மரநாய்ங்க. நேத்து ராத்திரி. மேல பழம் பழுத்திருக்கு" என்றார். நாற்பது அடி மேலே போனதும் அந்த மரம் இருந்தது. அவர் பெயரை அறிக்கையில் எழுதுவதும், நாள் சம்பளத்தைத் தாமதிக்காமல் கொடுப்பதும் ஆய்வாளரின் கடமை.

படி 4: விலங்குக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்

பல அறிக்கைகள் சறுக்குவது இங்கேதான். ஒரே முறையால் எல்லாப் பாலூட்டிகளையும் எண்ண முடியாது.

தரையில் நடமாடும், இரவில் திரியும் விலங்குகளுக்குத் தானியங்கிக் கேமரா. உடல் வெப்பத்தோடு ஏதாவது அசைந்தால் படம் எடுக்கும். வண்டிப் பாதை, ஓடைப்படுகை, விலங்குகள் நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடம் ஆகியவற்றின் ஓரமாக, முழங்கால் உயரத்தில், தடத்திலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். புலி, சிறுத்தையைத் தனித்தனியாக அடையாளம் காண வேண்டுமானால் எதிரெதிரே இரண்டு வேண்டும். இடப்பக்கத்து வரியோ புள்ளியோ வலப்பக்கத்தில் அப்படியே இருக்காது. கட்டியதும் முன்னால் உள்ள புல்லை வெட்டுங்கள். இல்லாவிட்டால் காற்றில் ஆடும் புல்லை ஆயிரக்கணக்கில் படம் எடுத்து பேட்டரியைத் தீர்த்துவிடும். பிறகு நீங்களே நாலு காலில் கேமரா முன்னால் தவழ்ந்து போய்ப் படம் விழுகிறதா என்று பாருங்கள். தேதியும் நேரமும் சரியா என்று இரண்டு முறை பாருங்கள். தேதி தவறிய ஒரு கேமரா ஒரு பருவத்து உழைப்பை வீணாக்கிவிடும்.

ஒரே மான் கேமரா முன் பத்து நிமிடம் மேய்ந்தால் நாற்பது படம் விழும். அது நாற்பது மான் ஆகாது. அரை மணி நேர இடைவெளிக்குள் விழும் ஒரே இனத்தின் படங்களை ஒரு பதிவாகக் கொள்வது வழக்கம்.

பகலில் கூட்டமாக மேயும் புள்ளிமான், கடமான், காட்டெருதுக்கு நேர்கோட்டுப் பாதை நல்லது. இரண்டு கிலோமீட்டர் அளவில் ஒரு கோடு, விடியற்காலையில் இருவர் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். விலங்கைக் கண்டதும் தூரமானியில் தூரம், திசைகாட்டியில் கோணம், கூட்டத்தில் எத்தனை என்று குறிக்க வேண்டும். தூரம் எதற்கு? கோட்டுக்கு அருகில் இருப்பது கண்ணில் படும், தள்ளி இருப்பது தப்பிவிடும். எவ்வளவு வேகமாகத் தப்புகிறது என்று தெரிந்தால்தான் காணாமல் போனவற்றையும் கணக்கில் சேர்க்கலாம்.

மந்திகள், மலை அணில் எல்லாம் மரத்தின் மேலே. தரைக் கேமரா அவற்றைக் கிட்டத்தட்ட பார்க்கவே பார்க்காது. கூட்டம் கூட்டமாகப் பின்தொடர்ந்து எண்ண வேண்டும். தேவாங்குக்கு இரவில் சிவப்பு ஒளியோடு நடந்து, கண் மின்னுவதை எண்ண வேண்டும். நீர்நாய்க்கு ஆற்றுப் பாறைகளில் மீன் செதிலும் நண்டின் ஓடும் கலந்த எச்சத்தைத் தேட வேண்டும்.

பாலூட்டி என்றதும் பெரிய விலங்குகளே நினைவுக்கு வருகின்றன. இந்தியாவில் நானூறுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் உண்டு. பாதிக்கு மேல் வௌவால்களும் கொறிவிலங்குகளும்தான். சலீம் அலி பழவௌவால் தேனி மாவட்டத்து மேகமலையில் 1948-இல் பிடிபட்டது. வேறொரு வௌவால் என்ற பெயரோடு அருங்காட்சியகத்தில் கிடந்து, 1972-இல்தான் புதிய இனம் என்று அறியப்பட்டது. எத்தனை கேமரா கட்டினாலும் அது படத்தில் விழாது. மெல்லிய வலையும், வௌவால் அறிந்த ஆளும் வேண்டும். சிறு கூண்டுப் பொறியோ வலையோ வைக்க முடியவில்லை என்றால், "இந்த ஆய்வு பெரிய, நடுத்தரப் பாலூட்டிகளைப் பற்றியது" என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

படி 5: கண்ணில் படாததை "இல்லை" என்று எழுதாதீர்கள்

ஓரிடத்தில் சருகுமான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு முறை போனால் அதன் தடயம் கிடைக்க நூற்றுக்கு முப்பது வாய்ப்பு. ஐந்து முறை போகிறீர்கள். ஐந்து முறையும் தப்பிப்போகும் வாய்ப்பு 0.7-ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும்: சுமார் 17 சதவீதம். அதாவது, சருகுமான் இருக்கும் ஆறு இடங்களில் ஒன்றை "இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். பத்து முறை போனால் இந்தத் தவறு 3 சதவீதத்துக்குக் குறைகிறது.

ஆகவே காட்டை வரைபடத்தில் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முறை போவதோடு நிறுத்தாமல் பல முறை போய், ஒவ்வொரு வருகையிலும் கண்டது, காணாதது இரண்டையும் பதியுங்கள். அந்த வரலாற்றை வைத்துக் கண்டறியும் வாய்ப்பைத் தனியாக மதிப்பிட்டு, விலங்கு உண்மையில் வாழும் பரப்பைக் கணக்கிடலாம். இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

உழைப்பின் அளவும் இதே போலத்தான். 1990-இல் இருபது நாள் நடந்து எழுதிய பட்டியலில் 22 இனங்கள், இப்போது நூறு கேமராவை முப்பது இரவு வைத்து 29 இனங்கள் என்றால், ஏழு இனம் புதிதாக வந்தது என்று பொருள் கிடையாது. கண்ணை அகலத் திறந்திருக்கிறோம், அவ்வளவுதான். எத்தனை கேமரா இரவு (கேமராக்களின் எண்ணிக்கையை இரவுகளால் பெருக்கியது), எத்தனை கிலோமீட்டர் நடை என்று எப்போதும் எழுதுங்கள். இரண்டு பட்டியலையும் ஒரே அளவு உழைப்புக்குக் குறைத்து ஒப்பிடுங்கள்.

நம் மாநில விலங்கிலேயே ஓர் உதாரணம். தமிழ்நாட்டின் வரையாட்டுக் கணக்கெடுப்பில் 2024-இல் 1,031, அடுத்த ஆண்டில் 1,303. ஒரே வருடத்தில் கால் பங்கு கூடியதாகத் தெரிகிறது. எண்ணிய பகுதிகளும் 140-இலிருந்து 177-ஆகக் கூடின. வகுத்துப் பாருங்கள்: இரண்டு ஆண்டிலும் பகுதிக்குச் சராசரி 7.4 ஆடு. புதிதாகச் சேர்த்த இடங்களில் ஆடுகள் முன்பே இருந்திருக்கலாம். தேடலை விரித்தது நல்ல வேலை, அது தொடர வேண்டும். இனம் பெருகியதா என்பதை மட்டும், இரண்டு ஆண்டும் எண்ணிய அதே இடங்களைத் தனியாக எடுத்து ஒப்பிட்ட பிறகே சொல்ல வேண்டும்.

படி 6: திரும்பப் போங்கள், பல ஆண்டுகள்

ஒரு முறை எடுத்த கணக்கு ஒரு புகைப்படம் மாதிரி. அதே இடங்கள், அதே பருவம், அதே முறை, அதே அளவு உழைப்பு என்று திரும்பத் திரும்ப எடுத்தால்தான் போக்கு தெரியும். நாடு தழுவிய புலிக் கணக்கெடுப்பு நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. அதன் கேமராக்களில் கரடியும் முள்ளம்பன்றியும் செதில் உடலுள்ள அழுங்கும் சேர்ந்தே பதிவாகின்றன. அந்தப் படங்களைப் புலிக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு ஒதுக்குவது பெரிய இழப்பு.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? மேற்கு வட அமெரிக்காவின் 14 தேசியப் பூங்காக்களை ஆராய்ந்த வில்லியம் நியூமார்க் 1987-இல் வெளியிட்ட முடிவு இதற்குப் பாடம். பூங்காவாக அறிவித்த பிறகும் பாலூட்டி இனங்கள் மறைந்திருந்தன. பூங்கா சிறிதாக இருந்த அளவுக்கு இழப்பு அதிகம். யாரும் சுட வேண்டியதில்லை. சுற்றிலும் வயலும் ஊரும் சூழ்ந்து தீவாகிவிட்டால் சிறு கூட்டம் ஒரு வறட்சியிலோ நோயிலோ முடிந்துபோகும், வெளியிலிருந்து ஈடுசெய்ய யாரும் வர முடியாது. இந்த இழப்பு ஒரு கடன் போல, பல பத்தாண்டுகள் கழித்தே வசூலாகும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி தேசியப் பூங்கா தெரியும். 2.7 சதுர கிலோமீட்டர், நான்கு பக்கமும் நகரம். திறந்த புல்வெளி தேடும் வெளிமானுக்கு அங்கே ஒதுங்க வேறிடம் இல்லை.

ஆப்பிரிக்காவில் 78 காப்பிடங்களின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி 2010-இல் வந்த ஆய்வு, 1970-க்கும் 2005-க்கும் இடையே சராசரியாக 59 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் வீழ்ச்சி மிகக் கடுமை, தெற்கு ஆப்பிரிக்காவிலோ எண்ணிக்கை கூடியிருந்தது. ஒரே சராசரியை வைத்து "காப்பகங்கள் தோற்றுவிட்டன" என்றோ "வென்றுவிட்டன" என்றோ எழுதக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இன்னொன்று: உங்கள் மதிப்பீடு "100, முன்பின் 30" என்று இருந்தால், பத்து விலங்கு குறைந்ததை உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. அப்படிப்பட்ட தரவை வைத்து "நிலையாக இருக்கிறது" என்று எழுதுவது ஆபத்து.

படி 7: எல்லைக்கு வெளியேயும் பாருங்கள்

காப்பகத்துக்குள் விலங்கு அதிகம், வெளியே குறைவு. அதனால் காப்பகம் வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாமா? பெரும்பாலான காப்பிடங்கள் உயரமான, செங்குத்தான, உழவுக்கு ஆகாத, சாலை எட்டாத இடங்களில்தான் அமைந்தன. அறிவிக்காமல் விட்டிருந்தாலும் அங்கே ஓரளவு விலங்கு மிஞ்சியிருக்கும். எனவே அதே உயரம், அதே மழை, அதே சரிவு, ஊரிலிருந்து அதே தூரம் உள்ள வெளி இடங்களைத் தேடிப் பொருத்தி ஒப்பிடுங்கள். இந்தியாவின் 25 பெரிய பாலூட்டிகளின் பழைய, புதிய பரவலைக் கிருத்தி காரந்த் குழுவினர் 2010-இல் ஒப்பிட்டபோது, பெரும்பாலானவற்றுக்குக் காப்பிடங்கள் உள்ள பகுதிகளில் மறைவு குறைவாக இருந்தது. பாதுகாப்புக்குப் பலன் உண்டு என்று நான் நம்புவதற்கு இத்தகைய ஒப்பீடுகளே காரணம்.

வெளியே பார்த்தால் வேறொன்றும் தெரியும். வால்பாறையின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே புதுத்தோட்டம் சோலைத் துண்டில் சோலைமந்திகள் வாழ்கின்றன. அது காப்பகத்துக்குள் இல்லை. நரி, கழுதைப்புலி, வெளிமான் போன்ற வறண்ட வெளிகளின் விலங்குகளுக்கு மலைக் காப்பகங்களால் பயன் குறைவு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூரில் 2022-இல் தேவாங்குக்கென்றே சரணாலயம் அறிவித்தது அந்தக் குறையைத் தொட்ட முதல் அடிகளில் ஒன்று.

படி 8: காரணத்தைத் தேடுங்கள்

எண்ணிக்கையோடு ஆண், பெண், குட்டி விகிதத்தையும் பதியுங்கள். கேரளத்தின் பெரியாறில் 1980-களின் இறுதியில் வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெண் யானைகள் என்ற நிலை. தந்தத்துக்காக ஆண்களை மட்டும் கொன்றிருந்தார்கள். மொத்தத் தலையெண்ணிக்கை இதைச் சொல்லியிருக்காது.

நடக்கும் பாதையிலேயே மற்றவற்றையும் குறியுங்கள்: சுருக்குக் கம்பி, வெட்டிய அடிமரம், மாட்டுச் சாணம், நாய்த் தடம். நாய் மானைத் துரத்துவதோடு செந்நாய்க்கு நோயும் கொண்டுவரும். முதுமலையில் வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியும் மஞ்சள்கொன்றையும் புல்லை மூடிய இடங்களில் மேய்ச்சல் விலங்குக்கு உணவில்லை. காடு வழியே சாலை போனால், அதிகாலையில் மெதுவாக ஓட்டிச் சென்று அடிபட்டவற்றை எண்ணுங்கள். பந்திப்பூரில் 2009-லும் திம்பம் மலைப்பாதையில் 2022-லும் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. தடைக்கு முன்பும் பின்பும் கணக்கு இருந்தால், ஒரு நடவடிக்கையின் பலனை நேராக அளக்கலாம்.

காப்பகங்களுக்கு அரசு போடும் மேலாண்மைத் திறன் மதிப்பெண்ணையும் வாங்கிப் படியுங்கள். அது திட்டம், ஆள்பலம், நிதி, ரோந்து இவற்றைப் பற்றியது. விலங்குகளின் போக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்தச் செலவு எதைக் காத்தது என்று புரியும்.

படி 9: அடுத்தவர் திரும்ப வரும்படி எழுதிவையுங்கள்

இருபது ஆண்டு கழித்து வேறொருவர் அதே இடத்தில் நின்று எண்ண வேண்டும். ஒவ்வொரு கேமரா இடத்துக்கும் பாதையின் இரு முனைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை. கேமரா எந்தத் திசையைப் பார்த்தது, எந்த மரத்தில், என்ன உயரத்தில், என்ன மாடல். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓடியது, எது நடுவில் யானை மிதித்து நின்றுபோனது. எதுவும் பதிவாகாத இடங்களையும் விடாமல் எழுதுங்கள். அழுங்கு, புலி, தேவாங்கு போல வேட்டையாடப்படும் விலங்குகளின் சரியான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். முழு விவரத்தை வனத்துறையிடமும் ஏதேனும் ஒரு ஆய்வு நிறுவனத்திடமும் தனித்தனியாக ஒப்படைத்துவிட்டு, அறிக்கையில் பெரிய கட்ட அளவில் மட்டும் காட்டுங்கள். தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று எழுதி, உங்களோடு நடந்த காவலர்களின் முகாமுக்கும் பாடிக்கும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். எந்த விலங்கை எங்கே தவறவிட்டீர்கள் என்று அங்கே சொல்லிவிடுவார்கள். அடுத்த பருவத்துக்கு எந்தக் கட்டத்தில் கேமரா கட்டுவது என்பதை அந்த இரவே குறித்துக்கொள்ளலாம்.